அலகு

மண்டூர்த் துறையில் பாதை வந்து முட்டுகிற இடத்தில்
ஒரு மேசை, ஒரு போட்டோகொப்பி மெசின்,
மழையென்றால் இரண்டு இடத்தில் ஒழுகுகிற தகரம்.
மனு எழுதுகிறவள் நான்.
பக்கத்துக்கு ஐம்பது ரூபாய்.
அழுகிறவர்களிடம் வாங்குவதில்லை என்று சொல்ல ஆசைதான்.
வாங்குகிறேன்.

எங்கள் பக்கம் பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது.
இரும்புத் தளம், இருமுகிற இயந்திரம்,
ஏழெட்டு மோட்டார் சைக்கிள், பால் கேன், ஒரு கிடாய்.
காற்றுப் பிடித்தால் நின்றுவிடும்.
ஒருகாலம்
மண்மூட்டைக்குப் பின்னாலிருந்து
ஒரு கை உயர்ந்தாலும் நின்றுவிடும்.

பேர் கேட்டான்.
எனக்கு ஒன்பது வயது. புத்தகப்பையை நெஞ்சில் அணைத்தபடி
அழகேஸ்வரி என்றேன்.
அவன் மொழியில் ழ கிடையாது. அது அவன் குற்றமில்லை.
மறுகா அடையாள அட்டை வந்தது. அதில் நான்
அலகேஸ்வரி.
திருத்தித் தரும்படி தாழ்மையுடன் எழுதினேன்.
என் முதல் மனு அதுதான்.
பதில் இன்னும் வழியில் இருக்கிறது.

இப்போது நாளுக்குப் பத்துத் தாழ்மை எழுதுகிறேன்.
மேய்ச்சல் தரைக்கு ஒரு தாழ்மை.
நுண்கடன்காரன் வாசலில் வந்து குந்தியிருப்பதற்கு ஒன்று.
யானை இடித்த சுவருக்கு, வராத கொடுப்பனவுக்கு.
'மேன்மைதங்கிய' என்று தொடங்கி
'கீழ்ப்படிவுள்ள' என்று முடிக்க
கைக்கு நானே தேவையில்லை.

பூரணம் வந்தாள், கச்சேரியிலிருந்து திரும்பிய படிவத்தோடு.
மனுசன் தொண்ணூற்றேழில்
புண்ணாக்கு வாங்கப் பாதையேறிப் போனவர்.
மணமானவர் / விதவை.
தேவையற்றதை வெட்டிவிடுக.
"எதைக்கா வெட்டுற?" என்றாள்.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தேன்.
பாதை ஒருமுறை போய் வந்துவிட்டது.
"ரெண்டையும் விடு."
விட்டோம். நாலாம் தரமும் திரும்பியது,
சிவப்பு மையில்: பூரணமற்ற விண்ணப்பம்.
வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்.
"என்ட பேரையே இல்லாமலாக்கிப் போட்டானுகள் கா."

அன்றிரவு அந்தத் தாளின் பின்பக்கத்தில்
முதல் வரி வந்தது.
கை பழக்கத்தில் 'தாழ்மையுடன்' என்று தொடங்கி
நின்று
அதை வெட்டியது.

கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார், தொகுப்புப் போடுகிறவர்.
வலியை எழுதுங்கள் அக்கா, உங்களுக்கு நன்றாக வருகிறது என்றார்.
வலியைக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டார்.
பெரிய ஆளாக வர எனக்கு ஆசை என்று ஒரு கவிதை,
துறைக் கம்பத்தில் குந்தியிருக்கும் மீன்கொத்தியின்
திமிரைப் பற்றி ஒன்று,
இரண்டையும் மடித்துத் திருப்பித் தந்தார்.
இவை பொருந்தாது.

பொருந்தாதுதான்.
யாரோ உச்சுக்கொட்டிப் பக்கம் புரட்ட அல்ல,
ஓ.எல். வினாத்தாளில் வேண்டும் என் ஒரு வரி.
'இவ்வடியில் கவிஞர் கருதியது யாது?'
எங்கோ ஒரு பிள்ளை, எந்த ஊரோ,
பேனையைக் கடித்துக்கொண்டு
நான் என்ன நினைத்தேன் என்று
வியர்க்க வியர்க்க யோசிக்க வேண்டும்.
மூன்று புள்ளி.

பெயரைத் திருத்தக் கேட்பதை விட்டுவிட்டேன்.
அழகை வாங்கிக்கொண்டு அலகைத் தந்தவர்கள்
அகராதியைப் பார்த்திருக்கலாம்.

இன்று ஐந்தாம் தரம். புதுப் படிவம்.
எதையும் வெட்டவில்லை.
'காரணம்' என்று அவர்கள் விட்ட ஒன்றரை வரியில்
மறுபக்கம் பார்க்க என்று எழுதினேன்.
மறுபக்கம் முழுக்க எழுதினேன், ஓரம் விடாமல்.
பூரணம் பெருவிரல் பதித்தாள்.
ஐம்பது ரூபாயைக் கல்லுக்குக் கீழ் வைத்தாள்,
காற்றுக்குப் பறக்காமல்.

பாதை புறப்பட்டது.
நடு ஆற்றில் அவள் தாளை வெளியே எடுத்து
வெயிலில் பிடித்துப் பார்ப்பது தெரிந்தது.
அவளுக்கு வாசிக்க வராது.
எந்தப் பக்கத்தைப் பார்க்கிறாள் என்று
இங்கிருந்து தெரியவில்லை.